சிவப்புத் தொப்பியும் வெள்ளரிப் படகும்

விருந்து என்ற சொல்லைக் கேட்டாலே நாவில் நீர் ஊறும். அதுவும் வகுப்பறை விருந்தென்றால் கேட்கவே வேண்டாம்! கரும்பலகை முழுவதும் வண்ணப் பூக்கள், மேசைகளை ஒன்றுசேர்த்து விரித்த வெள்ளைத் துணி, நடுவே பெரிய கேக், அருகே சமோசா, சிப்ஸ், குளிர்பானம் என்பதுதான் நாம் அனைவரும் அறிந்த முறை. ஒன்பதாம் வகுப்பு 'அ' பிரிவைச் சேர்ந்த நாங்கள் நாற்பத்து நால்வரும் சென்ற நவம்பர் 14 அன்று நடத்திய குழந்தைகள் தின விருந்தில் இவற்றுள் ஒன்றுகூட இல்லை. ஆயினும் தட்டில் எதுவும் மீதியாகவில்லை. அதை ஏன் நடத்தினோம், எப்படி நடத்தினோம் என்பதை ஆண்டு மலரின் வாசகியருக்குச் சொல்ல விரும்புகிறோம்.

எங்கள் வகுப்பில் ஒரு தோழி இருக்கிறாள். பெயரை எழுத வேண்டாம், மற்றதை எழுதலாம் என்று அவளே அனுமதி தந்திருக்கிறாள். ஏழாம் வகுப்பில் படிக்கும்போது அவளுக்கு முதல் வகை நீரிழிவு நோய் வந்தது. அன்றுமுதல் நாள்தோறும் நான்கு முறை இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறாள். ஊசிக்காக அவள் முகம் சுளித்து நாங்கள் பார்த்ததில்லை. ஆனால் விருந்து நாளென்றால் மட்டும் அவள் வேறொருத்தி ஆகிவிடுவாள். கொடுத்த தட்டை வாங்கி, "எனக்குப் பசியில்லைடி" என்று பக்கத்தில் இருப்பவளிடம் நகர்த்திவிட்டு, சன்னலோரம் போய் நின்றுகொள்வாள். யாரேனும் அன்புடன் அவளுக்கென்று தனியாக ஒரு தட்டில் இரண்டு ஆப்பிள் துண்டு கொண்டுவந்து கொடுத்தால், அதைச் சாப்பிடுவதற்குள் அவள் படும் பாடு அதைவிடப் பெரிது. எல்லார் கண்ணும் அந்தத் தட்டின்மேல்தானே இருக்கும்!

நவம்பர் முதல் வாரத்தில் விருந்தைப் பற்றி வகுப்பில் பேச்செழுந்தது. "இந்த ஆண்டு கேக் வேண்டாம்" என்றாள் ஒருத்தி. "கேக் இல்லாமல் என்ன பார்ட்டி?" என்றாள் இன்னொருத்தி. இரண்டு கட்சி ஆயிற்று. அப்போதுதான் எங்கள் தோழி எழுந்தாள்.

"எனக்காக யாரும் கேக்கை விட வேண்டாம். கேக் எனக்கு விஷம் இல்லை. அதில் எவ்வளவு மாவு, எவ்வளவு சர்க்கரை என்று தெரிந்தால் அதற்கேற்ற இன்சுலின் போட்டுக்கொண்டு நானும் ஒரு துண்டு சாப்பிடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கடையில் வாங்கிய கேக்கில் எவ்வளவு இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? தெரியாததைச் சாப்பிடத்தான் பயம். அதோடு, தயவுசெய்து எனக்குத் தனித் தட்டு வைக்காதீர்கள்."

வகுப்பு சற்று நேரம் அமைதியாக இருந்தது. பிறகு வகுப்புத் தலைவி சொன்னாள்: "அப்படியானால் தெரிந்ததையே செய்வோம். நாமே செய்வோம். எல்லாருக்கும் ஒரே தட்டு."

இவ்விடத்தில் உயிரியல் ஆசிரியை எங்களுக்கு விளக்கியவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். நாம் உண்ணும் சோறு, இட்லி, ரொட்டி, சர்க்கரை முதலியவற்றிலுள்ள மாவுச்சத்து வயிற்றில் குளுக்கோஸாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. அது உடலின் அணுக்களுக்குள் செல்லக் கதவைத் திறந்துவிடுவது கணையத்தில் சுரக்கும் இன்சுலின். முதல் வகை நீரிழிவில் இந்தச் சுரப்பு ஏறக்குறைய நின்றே போகிறது. நிறைய இனிப்புத் தின்றதால் வருவதென்று பலர் சொல்வது சரியன்று. உடலின் காவற்படையே கணையத்தின் அணுக்களைத் தாக்கி அழிப்பதால் வருவது அது. பெரியவர்களிடம் மிகுதியாகக் காணப்படும் இரண்டாம் வகை வேறு. அதில் இன்சுலின் சுரந்தாலும் உடல் அதற்குச் சரிவர இணங்குவதில்லை.

நூறாண்டுகளுக்கு முன் முதல் வகை நோய் வந்த குழந்தைகள் நெடுநாள் பிழைப்பதில்லை. மாவுச்சத்தை அடியோடு குறைத்துப் பட்டினி போடுவதுதான் அன்றைய மருத்துவர் கையிலிருந்த ஒரே வழி. 1921-இல் கனடா நாட்டின் டொராண்டோ நகரில் பிரெடரிக் பேண்டிங்கும் சார்லஸ் பெஸ்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். 1922 சனவரியில் லெனார்டு தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவன் அந்த மருந்தைப் பெற்றுப் பிழைத்தான். எங்கள் தோழிக்கும் இப்போது வயது பதினான்குதான். பேண்டிங் பிறந்தது 1891 நவம்பர் 14. ஆகவே 1991 முதல் அந்நாள் உலக நீரிழிவு நாளாகக் கொண்டாடப்படுகிறது. நேரு மாமாவின் பிறந்த நாளும் அதுவே! குழந்தைகள் தினமும் நீரிழிவு நாளும் ஒரே தேதியில் வருவதைக் கேட்டு நாங்கள் வியந்தோம். எங்கள் தோழிக்கு மட்டும் அது முன்பே தெரிந்திருந்தது.

மனையியல் ஆசிரியை பட்டியல் போட உதவினார். ஆளுக்கு 35 ரூபாய் வீதம் 1,540 ரூபாய் சேர்ந்தது. எதையும் எண்ணெயில் பொரிக்கக் கூடாது, எல்லாம் நம் ஊர்ச் சந்தையில் கிடைப்பதாக இருக்க வேண்டும், பார்த்தவுடன் சிரிப்பு வர வேண்டும் என்று மூன்று விதிகள் வகுத்துக்கொண்டோம். பட்டியலைத் தோழியின் அம்மாவிடம் காட்டினோம். அவர் அதை மருத்துவரிடம் காட்டி, அன்று எவ்வளவு இன்சுலின் என்று கேட்டு வைத்துக்கொண்டார். மாவுச்சத்தைக் குறைத்துவிட்டு இன்சுலினை மட்டும் வழக்கம்போல் போட்டால் இரத்தச் சர்க்கரை மிகவும் தாழ்ந்து, கை நடுக்கமும் வியர்வையும் மயக்கமும் வரக்கூடும். ஆகவே இதை விளையாட்டாக எண்ணி யாரும் தாமாகச் செய்துவிடக் கூடாது.

பதின்மூன்றாம் தேதி மாலை எட்டுப் பேர் ஆசிரியையுடன் பெரிய மார்க்கெட்டுக்குச் சென்றோம். புதுச்சேரியின் முதலமைச்சராக இருந்த எதுவார் குபேரின் பெயரால் குபேர் அங்காடி என்று வழங்கினாலும், நம் வீடுகளில் அதற்குப் பெயர் பெரிய மார்க்கெட்தான். நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் நடுவே, மணிக்கூண்டைச் சுற்றி, ஒரு பக்கம் பூ வாசம், ஒரு பக்கம் மீன் வாசம், ஒரு பக்கம் மஞ்சளும் பெருங்காயமுமாக அது ஒரு தனி உலகம். 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய துபாஷ் ஆனந்த ரங்கப் பிள்ளையின் பெயரைத் தாங்கிய வீதி அருகிலேயே இருப்பதாலோ என்னவோ, எங்கள் பொருளாளரும் வாங்கியதையெல்லாம் கிலோ, விலை, கடை என்று வரிவிடாமல் எழுதிக்கொண்டே வந்தாள்.

முதலில் வெள்ளரிக்காய். ஐந்து கிலோ என்றதும் கூடைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஆயா நிமிர்ந்து பார்த்தார்.

"எதுக்குப் பாப்பா இம்மாம் வெள்ளரிக்கா?"

"ஸ்கூல்ல பார்ட்டி ஆயா."

"பார்ட்டிக்குக் கேக்கு தானே வாங்குவாங்க?"

எங்கள் தோழியும் எங்களோடு வந்திருந்தாள். நாங்கள் விழிப்பதற்குள் அவளே பதில் சொன்னாள்: "எனக்குச் சக்கரை இருக்கு ஆயா. அதான் எல்லாரும் சேர்ந்து இதைச் செய்யறாங்க."

ஆயா தராசைக் கீழே வைத்தார். "இந்த வயசுலயா? எனக்கும் அதான் கண்ணு. பேரனுக்குப் பொறந்தநாளு, கேக்கு வெட்டினாங்க. ஆயாவுக்குக் குடுக்காதீங்கன்னாங்க. நான் வாசல்ல போய் உக்காந்துக்கிட்டேன்" என்றார். பிறகு தராசை எடுத்து ஐந்து கிலோ நிறுத்து, மேலே இரண்டு காயைப் போட்டார். "இது என் கணக்கு. சாப்புடு."

திரும்பும் வழியில் எங்கள் தோழி வெகுநேரம் பேசவில்லை. "நான் சன்னலோரம், ஆயா வாசலோரம்" என்று மட்டும் சொன்னாள்.

அவர்கள் இருவர் மட்டுமல்லர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து நாடெங்கும் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளியாயின. இருபது வயதுக்கு மேற்பட்டோரில் நீரிழிவு உள்ளவர்கள் கோவாவில் நூற்றுக்கு 26.4, புதுச்சேரியில் 26.3. அதாவது நாட்டிலேயே நாம் இரண்டாம் இடம்! நம் ஊரில் நான்கு பெரியவர்களில் ஒருவருக்கு மேல் இந்நோய். இப்படி ஓர் ஊரில், பிறந்தநாளும் திருமணமும் கேக்கையும் கேசரியையும் மட்டுமே நம்பியிருந்தால், எத்தனை பேர் வாசலோரம் போய் உட்கார வேண்டியிருக்கும்!

சமையலுக்கு வருவோம்.

முதலாவது, சிவப்புத் தொப்பிக் காவலர். பிரெஞ்சுக்காரர் ஆட்சி 1954 நவம்பர் முதல் தேதி கைமாறிய பின்னும் நம் ஊர்க் காவலர் தலையில் அவர்கள் விட்டுச் சென்ற 'கெப்பி' என்னும் சிவப்புத் தொப்பி நிலைத்துவிட்டது. முட்டையை அவித்து உரித்து, நிற்பதற்காக அடியில் மெல்லிதாகச் சீவ வேண்டும். சிறு தக்காளியைக் குறுக்கே இரண்டாக வெட்டி, விதையை எடுத்துவிட்டு, தலையில் கவிழ்த்தால் தொப்பி. குச்சியால் துளையிட்டு இரண்டு கடுகை வைத்தால் கண், கேரட் சீவல் ஒன்று வாய். மிளகும் உப்பும் தூவ மறக்கலாகாது. முட்டை உண்ணாத ஆறு பேருக்குப் பன்னீர்க் கட்டியில் அதே தொப்பி. முட்டையில் மாவுச்சத்து ஒரு கிராம்கூட இல்லை. புரதம் ஆறு கிராம்.

இரண்டாவது, வெள்ளரிப் படகு. வெள்ளரியை நீளவாக்கில் பிளந்து, தேக்கரண்டியால் விதைப் பகுதியைச் சுரண்டினால் படகு ஆயிற்று. உதிர்த்த பன்னீர், பொடியாக நறுக்கிய பச்சை மிளகாய், கொத்தமல்லி, எலுமிச்சைச் சாறு, உப்பு ஆகியவற்றைக் கலந்து சரக்காக ஏற்ற வேண்டும். முக்கோணமாக வெட்டிய முட்டைக்கோஸ் இலையைப் பல்குச்சியில் குத்தி நட்டால் பாய் விரித்துவிடும். குச்சியை எடுத்துவிட்டுத்தான் உண்ண வேண்டும் என்று சிறியவர்களுக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

மூன்றாவது, சோபா. பிரெஞ்சு விருந்துகளில் சிறு ரொட்டித் துண்டின்மேல் ஏதேனும் வைத்துத் தருவார்கள். அதற்குப் பெயர் 'கனாப்பே'. அச்சொல்லின் முதற்பொருள் சாய்வு நாற்காலி, அதாவது சோபா! ரொட்டிமேல் மற்றது ஏறி உட்கார்ந்திருப்பதால் வந்த பெயராம். நாங்கள் ரொட்டிக்குப் பதில் தடித்த வெள்ளரி வட்டத்தைச் சோபா ஆக்கினோம். முதல் நாள் இரவே தயிரை வெள்ளைத் துணியில் கட்டித் தொங்கவிட்டால் காலையில் நீர் வடிந்து வெண்ணெய்போல் இருக்கும். அதில் சீரகப் பொடியும் உப்பும் கலந்து வட்டத்தின்மேல் வைத்து, உச்சியில் மூன்று மாதுளை முத்துகளை உட்கார வைத்தோம். ஒரு ரொட்டித் துண்டில் மாவுச்சத்து 13 கிராம் அளவுக்கு இருக்கும். இந்தச் சோபாவில் ஒரு கிராம்தான்.

நான்காவது, கோஸ் கிண்ணத்தில் மல்லாட்டைச் சுண்டல். வேர்க்கடலையை நம் பக்கத்தில் மல்லாட்டை என்கிறோமே, அது மணிலாக் கொட்டை என்பதன் மருவு. தென் அமெரிக்காவில் பிறந்த இச்செடி, மணிலாவின் பெயரோடு நம் மண்ணில் வேரூன்றி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து பிரான்சின் மார்செய் நகருக்கு எண்ணெய்க்காகவும் சோப்புக்காகவும் கப்பல் ஏறியது. நாங்கள் ஒன்றரைக் கிலோ பருப்பை இரவில் ஊறவைத்து, காலையில் உப்புச் சேர்த்து வேகவைத்து, கடுகு, கறிவேப்பிலை, மிளகாய் தாளித்து, தேங்காய்ப் பல் சேர்த்தோம். கோஸின் இலைகளைக் கிழியாமல் பிரித்து வெந்நீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்தால் கிண்ணம் தயார். தின்ற பின் கிண்ணத்தையும் தின்றுவிடலாம், கழுவும் வேலை இல்லை! வேர்க்கடலை சிலருக்கு ஒவ்வாது. ஆகவே முன்கூட்டியே வகுப்பில் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டோம்.

குடிப்பதற்கு நீர்மோர்.

இவ்வளவும் ஆன பிறகுதான் முக்கியமான வேலை. எங்கள் தோழியே சுண்ணக்கட்டியை எடுத்துக் கரும்பலகையில் எழுதினாள். காவலர் ஒருவருக்கு மாவுச்சத்து 2 கிராம். படகு ஒன்றுக்கு 4. சோபா இரண்டுக்கு 2. சுண்டல் கிண்ணம் ஒன்றுக்கு 7. மோர் ஒரு தம்ளருக்கு 3. ஆக மொத்தம் ஏறத்தாழ 18 கிராம். கால் லிட்டர் குளிர்பானத்தில் மட்டும் 26 கிராம் சர்க்கரை இருப்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்!

விருந்து தொடங்கியது. காவலரின் தொப்பியைக் கழற்றித் தன் மூக்கில் வைத்துக்கொண்டாள் ஒருத்தி. கடைசி வரிசையார் படகுப் போட்டியே நடத்திவிட்டார்கள். வகுப்பாசிரியை, "இந்தக் காவலரை விழுங்கினால் வழக்குப் போடுவாரோ?" என்று கேட்க, வகுப்பே அதிர்ந்தது. எங்கள் தோழி பையிலிருந்து சிறு கருவியை எடுத்து, விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்த்து, டாக்டர் சொன்ன அளவில் ஊசியைப் போட்டுக்கொண்டாள். வழக்கமாக அதற்கு ஓய்வறைக்குப் போவாள். அன்று தன் இடத்திலேயே போட்டுக்கொண்டாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு நடு பெஞ்சில் வந்து உட்கார்ந்து, முதலில் சோபாவைத்தான் சாப்பிட்டாள். வகுப்புத் தலைவியின் பையில் அவசரத்துக்கென்று குளுக்கோஸ் பொட்டலம் இருந்தது. அன்று அதற்கு வேலை வரவில்லை.

இதைப் படித்துவிட்டு மாவுச்சத்தே கெடுதல் என்று யாரும் சோற்றைத் தள்ளிவிட வேண்டாம். வளரும் பெண்களாகிய நமக்கு அது வேண்டும்; அளவுதான் கேள்வி. 2025-இல் வெளியான அதே ஆய்வின் மற்றொரு பகுதி, இந்தியர் பெறும் சக்தியில் நூற்றுக்கு 62 பங்கு மாவுச்சத்திலிருந்தே வருவதாகக் காட்டுகிறது. தட்டில் கொஞ்சம் சோறு குறைந்து, முட்டை, பயறு, கடலை, காய் கூடினால் போதும் என்றார் மனையியல் ஆசிரியை. திருக்குறளின் 95-ஆம் அதிகாரத்துக்கு 'மருந்து' என்று பெயர். அதிலுள்ள பத்துக் குறள்களில் பாதிக்கு மேற்பட்டவை மருந்தைப் பற்றியன அல்ல, உண்ணும் முறையைப் பற்றியன என்று தமிழாசிரியை எடுத்துக்காட்டினார்.

டிசம்பரில் கிறிஸ்துமஸ் விழா வந்தபோது கேக்கும் திரும்பி வந்தது. மனையியல் அறையில் நாங்களே செய்தோம். மைதா கால் கிலோவில் மாவுச்சத்து 190 கிராம், சர்க்கரை 200 கிராம், உலர்ந்த திராட்சை முதலியவற்றில் 110 கிராம், ஆக 500 கிராம். ஒரே அளவாக 45 துண்டு போட்டால் ஒரு துண்டில் ஏறத்தாழ 11 கிராம். கணக்கைப் போட்டவள் எங்கள் தோழி. அன்று அவள் சாப்பிட்டது ஒரு துண்டு. ஒரு துண்டைத் தாளில் மடித்து எடுத்துக்கொண்டு, "11 கிராம்" என்று அதன்மேல் எழுதி, மாலையில் அம்மாவோடு பெரிய மார்க்கெட்டுக்குப் போனாள். "டாக்டரைக் கேட்டுட்டு, பாதி பாதியா சாப்புடுங்க ஆயா" என்று சொல்லிக் கொடுத்தாளாம்.

அன்புத் தோழியரே! உங்கள் வகுப்பில் விருந்து நடத்தும்போது, யாருக்கு எது ஆகாது என்று ஒரு வாரம் முன்னதாகவே கேளுங்கள். தட்டில் வைப்பதன் அளவைக் கரும்பலகையில் எழுதுங்கள். எங்கள் பட்டியல் மனையியல் அறைச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது, வேண்டுவோர் எழுதிக்கொள்ளலாம். வெள்ளரிக்காய்க்கு மட்டும் மணிக்கூண்டுப் பக்கத்து ஆயாவிடம் போங்கள்.

— ஒன்பதாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவியர்